திடலில் நின்றார், ஏட்டில் இல்லை

தமிழ்ச் சங்கங்கள் ஆண்டுதோறும் வெளியிடும் மலர்களின் பொருளடக்கத்தைப் புரட்டிப் பார்ப்போர் ஓர் உண்மையை எளிதில் உணர்வர். சங்க இலக்கியம் உண்டு, சிலப்பதிகாரம் உண்டு, கூத்து உண்டு, நாட்டார் வழக்காறு உண்டு, புதுக்கவிதையும் சிறுகதையும் உண்டு. விளையாட்டு மட்டும் இல்லை. விளையாட்டுத் துறையின் ஆண்டறிக்கையிலே வெற்றிகளும் தோல்விகளும் இரண்டு பக்கங்களிற் பட்டியலிடப்படும். அத்தோடு அக்கடமை முடிந்துவிடும். விளையாடுவோர் சிந்திப்பதில்லை என்பதும், சிந்திப்போர் விளையாடுவதில்லை என்பதும், ஆதலால் விளையாட்டைப் பற்றிச் சிந்திக்க எதுவுமில்லை என்பதும் நம்மிடையே எழுதப்படாத சட்டமாகிவிட்டன. இச்சட்டம் தவறானது, தமிழ்மரபுக்கு முரணானது, நம் கண் முன்னேயே ஒரு வரலாற்றை அழித்துக்கொண்டிருப்பது. இதனை நிறுவுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

நான் கல்லடியிற் பிறந்து வளர்ந்தவன். வாவியின் இக்கரையில் நிற்பவனுக்கு அக்கரையிலுள்ள நகரம் பாலமொன்றின் தூரமே. 1924ஆம் ஆண்டிற் கட்டி முடிக்கப்பட்ட பழைய இரும்புப் பாலம் அக்காலத்தில் ஊருக்கு ஒரே வாயில். 2013இல் புதிய பாலம் திறக்கப்பட்டது. என் தாய்மாமன் தம் இளமையில், மாலை வேளைகளில், அப்பழைய பாலத்தைத் துவிச்சக்கர வண்டியிற் கடந்து கூடைப்பந்தாட்டம் பார்க்கச் செல்வாராம். அவர் ஆடியவர் அல்லர். ஆடியவர்கள் பயின்ற கல்லூரியிற் படித்தவரும் அல்லர். வேலிக்கு வெளியே நின்று பார்த்தவர். ஆயினும் அக்காலத்து அணியில் ஆடிய ஐவரின் பெயர்களையும், அவரவர் பந்தெறியும் பாங்கினையும் இன்றும் ஒப்புவிப்பார். பயிற்றுவித்த வெள்ளைக்காரப் பாதிரியாரின் பெயரையும் அறிவார். "அவர் எந்த ஊரவர் மாமா? எப்பொழுது இங்கு வந்தார்?" என்று வினவினேன். சற்று நேரம் யோசித்தார். "அமெரிக்கன்" என்றார். அதற்கு மேல் அவருக்குத் தெரியவில்லை. எழுதி வைத்தாரில்லை, ஆதலால் அறிந்தாரும் குறைந்துகொண்டே போகின்றனர்.

அப்பாதிரியார் யூஜின் ஜோன் ஹெபயர் அடிகளார். அமெரிக்காவின் லூசியானா மாநிலத்து ஜெனிங்ஸ் என்னும் ஊரில் 1923இற் பிறந்தவர். இயேசு சபையைச் சேர்ந்த துறவி. 1948ஆம் ஆண்டில் இலங்கைக்கு வந்தார். கிழக்கு மாகாணக் கத்தோலிக்கப் பணி அதற்கு முன் அரை நூற்றாண்டளவில் பிரெஞ்சு இயேசு சபையினரின் பொறுப்பில் இருந்தது. இரண்டாம் உலகப் போரை அடுத்த ஆண்டுகளில் நியூ ஓர்லியன்ஸ் மாகாணத்து அமெரிக்கத் துறவிகள் அப்பொறுப்பை ஏற்றனர். அவ்வழியில் வந்தவருள் ஒருவர் ஹெபயர். திருகோணமலை புனித சூசையப்பர் கல்லூரியிலும், 1873இல் தோற்றம் பெற்ற மட்டக்களப்பு புனித மிக்கேல் கல்லூரியிலும் ஆசிரியராக விளங்கினார். தம் நாட்டில் ஒவ்வொரு சிறுவனும் அறிந்த ஆட்டத்தை இந்நாட்டுச் சிறுவருக்குக் கற்பித்தார். வாவி சூழ்ந்த புளியந்தீவின் கல்லூரியொன்று நாட்டின் முன்னணிக் கூடைப்பந்தாட்ட அணிகளுள் ஒன்றாக எழுந்து நின்றது. தலைநகரிலிருந்து ஓர் இரவுப் புகையிரதப் பயணத் தொலைவிலிருந்த ஒரு சிறு நகரம், தன்னினும் பன்மடங்கு வசதி பெற்ற கல்லூரிகளுக்குச் சமமாக நின்ற துறை இது.

அவர் தனித்து நின்றாரல்லர். நகரின் பெரிய விளையாட்டு மைதானத்தை வெபர் மைதானம் என்கிறோம். ஹெபயரைப் போன்றே அமெரிக்காவிலிருந்து வந்து, மட்டக்களப்பு இளைஞரை விளையாட்டிற் பழக்கிய இயேசு சபைத் துறவி ஹரல்ட் வெபர் அடிகளாரின் பெயர் அது. நாள்தோறும் அம்மைதான வாயிலால் நுழைவோர் எத்தனை பேர்! வெபர் என்பது ஆளின் பெயரா, ஊரின் பெயரா என்று அவர்களுட் சிலரை வினவிப் பாருங்கள். வாயிலில் எழுதப்பட்ட பெயரின் நிலையே இதுவாயின், எங்கும் எழுதப்படாத பெயர்களின் நிலை என்னவாகும்?

இனி, இவர்களைப் பற்றித் தமிழ்ச் சங்க மலரொன்றில் எழுதலாகாது என்போரின் வாதங்களை ஒவ்வொன்றாக நோக்குவோம். இவை நான் கற்பனை செய்தவை அல்ல. இக்கட்டுரைப் பொருளை நண்பரிடையே வெளியிட்ட வேளையில் என் செவியில் விழுந்தவையே.

முதலாவது வாதம்: விளையாட்டு இலக்கியப் பொருளாகாது, தமிழ்ப் புலமைக்கும் அதற்கும் தொடர்பில்லை என்பது.

இவ்வாறு கூறுவோர் புறநானூற்றைப் படித்தார்களா என்று ஐயுற வேண்டியுள்ளது. சோழன் போரவைக் கோப்பெருநற்கிள்ளி ஆமூர் மல்லனோடு பொருது வென்ற மற்போரைப் பற்றி அந்நூலிலே பாடல்கள் உள. 80ஆம் பாடலைச் சாத்தந்தையார் பாடினார். 85ஆம் பாடலைப் பெருங்கோழி நாய்கன் மகள் நக்கண்ணையார் பாடினார். ஒரு மல்லனின் பிடியும் உதையும் முன்னைய பாடலிற் சொல்லப்படுகின்றன. ஊரார் இரு பிரிவாகி வெற்றி இவனதே என்றும் அன்று என்றும் வாதிட்டதும், ஒரு பெண் ஓடிச் சென்று மரத்தடியில் நின்று அப்போரைக் கண்டதும் பின்னைய பாடலிற் சொல்லப்படுகின்றன. ஆட்டத்தையும் பாடினர், ஆட்டத்தைப் பார்த்தவரையும் பாடினர். முல்லைக்கலியில் ஏறு தழுவும் இளைஞரின் வீரமும் காயமும் விரிகின்றன. குற்றாலக் குறவஞ்சியில் வசந்தவல்லி பந்தடிக்கும் அழகைத் திரிகூடராசப்பக் கவிராயர் சந்தத்திலே வடித்தார். பிள்ளைத்தமிழ் நூல்களின் பருவங்களுட் சில அம்மானையும் ஊசலும் சிறுதேருமாகிய விளையாட்டுக்களின் பெயர்களையே தாங்கி நிற்கின்றன. விளையாட்டைப் புலமைக்குப் புறம்பாக்கியது தமிழ்மரபு அன்று. பரீட்சையை வாழ்வின் ஒரே நோக்காகக் கொண்ட பிற்காலப் படித்த வர்க்கமே அதனைச் செய்தது.

இவ்விடத்தில் மட்டக்களப்பு ஆய்வாளர் ஒன்றை நினைவூட்டுவர்: கொம்புமுறி விளையாட்டைப் பற்றி நாம் எழுதவில்லையா? எழுதினோம். நன்றாகவே எழுதினோம். கண்ணகி வழிபாட்டோடு இணைந்து, ஊர் வடசேரி, தென்சேரி என இரண்டாகப் பிரிந்து, கொம்போடு கொம்பு பிணைத்து, ஒன்று முறியும்வரை வடம் பிடித்திழுக்கும் அவ்வாட்டம் இப்பிரதேசத்தின் தனிச்சொத்து. வி. சீ. கந்தையா 1964இல் 'மட்டக்களப்புத் தமிழகம்' நூலை வெளியிட்ட காலந்தொட்டு இம்மண்ணின் வழக்காறுகளைத் திரட்டுவதில் நம் ஆசிரியர்கள் பெருந்தொண்டாற்றியுள்ளனர். ஆயின் இதிலிருந்து பெறப்படுவது யாது? இரு கட்சியாகப் பிரிந்து ஒரு கொம்பை முறித்தல் ஆய்வுப் பொருளாகுமாயின், இரு கட்சியாகப் பிரிந்து ஒரு பந்தைக் கூடையில் இடுதல் ஏன் ஆய்வுப் பொருளாகாது? முன்னையது வழக்கொழிந்து வருவதாலும் பின்னையது வழக்கில் இருப்பதாலுமா? ஒன்று செத்த பின்னரே அதனைப் பண்பாடு என்று ஒப்புக்கொள்வோம் என்பது என்ன நியாயம்?

இரண்டாவது வாதம்: கூடைப்பந்தாட்டம் அந்நிய நாட்டு ஆட்டம், அமெரிக்கர் கொணர்ந்தது, தமிழருக்கு உரியதன்று என்பது.

அவ்வாட்டத்தின் பிறப்பை நோக்குவோம். 1891 டிசெம்பரில், மசச்சூசெற்ஸ் மாநிலத்து ஸ்பிறிங்ஃபீல்ட் நகரில், கிறித்தவ இளைஞர் சங்கத்தின் பயிற்சிக் கல்லூரியில் ஆசிரியராயிருந்த ஜேம்ஸ் நெய்ஸ்மித் என்பவர், பனிக்காலத்தில் வெளியே ஆட இயலாத மாணவருக்கென இதனை அமைத்தார். பீச் பழம் கொண்டுவரும் கூடைகள் இரண்டைத் தரையிலிருந்து பத்தடி உயரத்தில் மாட்டினார். பதின்மூன்று விதிகளை எழுதினார். அவற்றுள் ஒன்று நம் கவனத்துக்குரியது: பந்தைக் கையில் ஏந்தியபடி ஓடலாகாது. றக்பி ஆட்டத்தில் பந்தை ஏந்தியவன் ஓடுகின்றான். எதிரி அவனை வீழ்த்துகின்றான். ஓட்டத்தைத் தடுத்ததால் வீழ்த்துவதற்கான தேவையையே நெய்ஸ்மித் நீக்கினார். பந்தைப் பெற்றவன் தோழனை நாடுதல் வேண்டும். கொடுத்து வாங்குதல் வேண்டும். உடல் வலிமை குன்றியவனும் கூர்மதியால் ஈடுகொடுக்க முடியும். அன்றியும், துடுப்பாட்டத்துக்கு வேண்டிய பரந்த புல்வெளி இதற்கு வேண்டியதில்லை. 28 மீற்றர் நீளமும் 15 மீற்றர் அகலமும் கொண்ட ஒரு தளமும் இரண்டு கம்பங்களும் ஒரு பந்தும் போதும். மாட்டுப் பணமும் மீன் பணமும் கொண்டு பிள்ளைகளைப் படிப்பித்த ஒரு பிரதேசத்துக்கு இத்தகைய சிக்கனமான ஆட்டம் பொருந்தியதில் வியப்பில்லை.

அந்நியம் என்னும் அளவுகோலைக் கையிலெடுப்போர் அதனை ஒழுங்காகப் பிடிப்பார்களாக. கரப்பந்தாட்டத்தை 1895இல் உருவாக்கியவர் வில்லியம் மோகன். அவரும் அமெரிக்கரே. 1916இற் கிறித்தவ இளைஞர் சங்கத்தின் வழியே அது இந்நாட்டுக்கு வந்தது. 1991இல் இலங்கையின் தேசிய விளையாட்டாக அறிவிக்கப்பட்டது. எழுவான்கரையின் மணலிலும் படுவான்கரையின் வயலோரத்திலும் இரண்டு கமுக மரங்களுக்கிடையே வலை கட்டி ஆடும் இளைஞனை நோக்கி, "தம்பி, நீ அமெரிக்க ஆட்டம் ஆடுகின்றாய்" என்று எவரேனும் கூறுவரா? பல தலைமுறை வியர்வை சிந்திய ஆட்டம் சிந்தியவர்களுக்கே உரியது. கூடைப்பந்தாட்டத்தின் கிளையாகிய வலைப்பந்தாட்டத்தில், 2018இல் இலங்கை ஆசியச் சம்பியன் பட்டத்தை வென்றபோது, அவ்வெற்றியின் தூணாக நின்றவர் யாழ்ப்பாணத்துத் தர்ஜினி சிவலிங்கம். அவரை அந்நிய ஆட்டக்காரி என்போமா?

பாதை ஒருவழிப் பாதையும் அன்று. யாழ்ப்பாணம் மத்திய கல்லூரி மாணவராகிய நாகலிங்கம் எதிர்வீரசிங்கம் உயரம் பாய்தலிற் சிறந்து, 1952இலும் 1956இலும் ஒலிம்பிக் போட்டிகளிற் பங்குபற்றி, அமெரிக்கா சென்று லொஸ் ஏஞ்சலிசிலுள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்திற் பயின்று, 1958இல் தோக்கியோவில் நிகழ்ந்த ஆசிய விளையாட்டு விழாவிலே இந்நாட்டின் முதலாவது தங்கப் பதக்கத்தை ஈட்டினார். லூசியானாவின் மைந்தன் மட்டக்களப்புச் சிறுவரைப் பழக்கிய அதே காலத்தில், யாழ்ப்பாணத்தின் மைந்தன் அமெரிக்கத் திடலிற் பழகினான். எதிர்வீரசிங்கத்தைத் தமிழரின் பெருமை என்று கொண்டாடுகின்றோம். கொண்டாடத்தக்கவரே. அமெரிக்க மண்ணிற் பழகியதால் அவர் தமிழர் அல்லராகிவிடவில்லை. அங்ஙனமாயின், அமெரிக்கர் ஒருவரிடம் பழகிய மட்டக்களப்பு இளைஞனின் ஆட்டம் மட்டும் எவ்வாறு தமிழரின் ஆட்டம் அல்லாமற் போகும்?

மூன்றாவது வாதம் இவை இரண்டினும் வலியது. அதனை மதித்தே மறுமொழி கூறுதல் வேண்டும். அத்துறவிகள் சமயம் பரப்ப வந்தவர்கள். விளையாட்டு அதற்கொரு கருவி. அவர்களைப் போற்றுதல் நம் சமயத்தாரின் போராட்டத்தைச் சிறுமைப்படுத்துவதாகும் என்பது அவ்வாதம்.

கல்லடியிற் பிறந்தவனுக்கு இதனை எவரும் விளக்க வேண்டியதில்லை. கல்லடி உப்போடையிலே சிவானந்த வித்தியாலயம் ஏன் எழுந்தது? சைவப் பிள்ளைகள் தம் சமயச் சூழலில் ஆங்கிலக் கல்வி பெற வேண்டும் என்பதற்காகவே விபுலாநந்த அடிகளார் 1929இல் அதனை நிறுவினார். மிசன் பாடசாலைகளின் ஆதிக்கத்துக்கு எதிராக எழுந்த நியாயமான குரல் அது. அவ்வரலாற்றை மறுப்பவன் அல்லன் யான். எனினும் அவ்வரலாற்றை முழுமையாகப் படிப்போம். காரைதீவில் 1892இற் பிறந்த மயில்வாகனம் என்னும் சிறுவன் எங்கே கற்றான்? புனித மிக்கேல் கல்லூரியிலும் கற்றான். அங்கு பெற்ற கணிதத்தையும் விஞ்ஞானத்தையும் அவன் அந்நியம் என்று வாவியில் எறிந்துவிடவில்லை. அவற்றைத் தன்னுடைமையாக்கினான். பின்னாளில் விபுலாநந்தராகி, 1947இல் வெளிவந்த யாழ் நூலில், பண்டைய யாழின் நரம்புகளைக் கணித நுட்பத்தோடு அளந்து காட்டினான். கொடுத்தவரின் நோக்கம் ஒன்றாயிருக்கலாம். பெற்றவரின் ஆக்கம் வேறொன்றாகலாம். இதனை விபுலாநந்தரின் வாழ்விலே ஒப்புக்கொள்ளும் நாம் கூடைப்பந்தாட்ட வீரரின் வாழ்விலே ஒப்புக்கொள்ள மறுப்பது முரண் அன்றோ?

மேலும், எழுதுதல் வேறு, வழிபடுதல் வேறு. ஹெபயர் அடிகளாருக்குத் தோத்திரம் பாடுமாறு நான் வேண்டவில்லை. மிசன் கல்வியின் நலந்தீங்குகளை எடைபோட விரும்புவோர் எடைபோடுவார்களாக. ஆயின் எடைபோடுவதற்கும் தராசுத் தட்டில் ஏதேனும் இருத்தல் வேண்டும். ஆவணம் இல்லாத இடத்தில் போற்றுதலும் வெறும் பேச்சு. தூற்றுதலும் வெறும் பேச்சு.

நான்காவது வாதத்தை முற்போக்கு நண்பர்கள் முன்வைப்பர்: அது நகரத்து ஆண்கள் கல்லூரியொன்றின் ஆட்டம், கல்லடிக் கடற்கரையில் வலை இழுத்தவனின் மகனும், படுவான்கரையின் வேளாண்மைக் கூலியின் மகனும், பெண்களும் அதற்கு வெளியே நின்றனர் என்பர். இதனைப் பெருமளவுக்கு ஏற்றுக்கொள்கின்றேன். என் தாய்மாமன் வேலிக்கு வெளியே நின்றவர் என்று முன்னரே குறிப்பிட்டேன். அவ்வேலியை நான் மறைக்கப் போவதில்லை. ஆனால் அவ்வேலியின் வரலாற்றை எழுதாமல் அதனைக் கண்டிப்பது எங்ஙனம்? எவர் உள்ளே ஆடினர், எவர் வெளியே நின்றனர், எப்பொழுது எந்தப் பாடசாலை தன் முற்றத்தில் முதற் கம்பத்தை நட்டது, பெண்கள் எந்த ஆட்டத்தை எந்த எதிர்ப்பின் நடுவே ஆடத் தொடங்கினர் என்பனவெல்லாம் சமூகவியல் வினாக்கள். திறினிடாட் நாட்டு மார்க்சிய அறிஞர் சீ. எல். ஆர். ஜேம்ஸ், துடுப்பாட்டத்தைப் பற்றி 1963இல் ஒரு நூல் வெளியிட்டார். நிறமும் வர்க்கமும் குடியேற்ற ஆட்சியும் ஓர் ஆட்டத்தின் எல்லைக் கோட்டுக்குள் எவ்வாறு மோதின என்பதை அதிலே காட்டினார். அடிமைகளின் புரட்சியைப் பற்றி 1938இல் எழுதிய அதே கைதான் இதனையும் எழுதியது. புரட்சியை எழுதிய கைக்கு விளையாட்டு இழிவாகப் படவில்லை. நம் முற்போக்காளருக்கு மட்டும் ஏன் படுகின்றது?

வாதங்களை விட்டு, இதனை இன்றே எழுத வேண்டும் என்று ஏன் வற்புறுத்துகின்றேன் என்பதைக் கூறுகின்றேன்.

1990ஆம் ஆண்டின் நடுப்பகுதியில் போர் மீண்டும் மூண்டது. அவ்வாண்டு ஓகஸ்ட் மாதம் மட்டக்களப்பு வரலாற்றின் மிக இருண்ட மாதங்களுள் ஒன்று. மூன்றாம் திகதி காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுகையிலிருந்தோர் கொல்லப்பட்டனர். அடுத்த வாரம் ஏறாவூரில் முஸ்லிம் மக்கள் கொல்லப்பட்டனர். தமிழ்க் கிராமங்களும் பழிவாங்கலுக்கு இரையாயின. அந்நாட்களில் அறுபத்தாறு வயதினராயிருந்த ஹெபயர் அடிகளார், அபாயத்திற் சிக்கியிருந்தோருக்கு உதவும் பொருட்டு வாழைச்சேனைக்குச் சென்றிருந்தார். 15ஆம் திகதி, ஒரு தமிழ் இளைஞனைத் தம் ஸ்கூட்டரின் பின்னே ஏற்றிக்கொண்டு மட்டக்களப்பு நோக்கிப் புறப்பட்டார். இருவரும் வந்து சேரவில்லை. உடல்களும் கிடைக்கவில்லை. எவரும் தண்டிக்கப்படவுமில்லை. நாற்பத்திரண்டு ஆண்டுகள் இம்மண்ணில் வாழ்ந்து, இச்சிறுவரின் மொழியிற் பேசி, அவர்களுக்குப் பந்து பிடிக்கக் கற்பித்த ஒருவரின் பயணம் அந்தத் தெருவில் முடிந்தது.

அதற்கு மூன்று கிழமைகளின் பின்னர், செப்டெம்பர் 5ஆம் திகதி, வந்தாறுமூலையிலே கிழக்குப் பல்கலைக்கழக வளாகத்தில் அகதிகளாய்த் தங்கியிருந்தோரில் நூற்றைம்பதுக்கும் மேற்பட்டோர் கொண்டுசெல்லப்பட்டனர். அவர்களும் திரும்பவில்லை. ஒரு துறவியின் துயரை ஆயிரம் குடும்பங்களின் துயருக்கு மேலாக வைக்கும் எண்ணம் எனக்கில்லை. காணாமலாக்கப்பட்டோர் பட்டியலில் அவரும் ஒருவர். அவரோடு சென்ற இளைஞனும் ஒருவன். ஆயின் காணாமலாக்கப்பட்டோரின் தாய்மார் நமக்குக் கற்பித்த பாடம் ஒன்றுண்டு. அவர்கள் நிழற்படத்தை ஏந்தித் தெருவில் நிற்பது ஏன்? பெயரும் முகமும் வாழ்வும் அழிந்துவிடலாகாது என்பதற்காகவே. உடலைக் கொண்டுசென்றவர்கள் நினைவையும் கொண்டுசெல்ல விடமாட்டோம் என்பதற்காகவே. எழுத்தறிவற்ற தாயொருத்தி வெயிலில் நின்று செய்யும் இப்பணியை, எழுத்தையே தொழிலாகக் கொண்ட நாம் நிழலில் இருந்து செய்ய மறுக்கின்றோம். ஹெபயர் அடிகளாரின் முடிவு மனித உரிமை அறிக்கைகளில் ஒரு வரியாக நிற்கின்றது. அவ்வரிக்கு முன்னே நின்ற நாற்பத்திரண்டு ஆண்டுகள் எங்கே? அவை அறிக்கைகளில் இரா. அவரிடம் ஆடியவர்களின் நெஞ்சிலேயே உள்ளன.

அந்நெஞ்சங்கள் மூப்பெய்துகின்றன. 1950களில் அவரிடம் பயின்றவர்களுள் உயிரோடிருப்போர் இன்று எண்பது வயதைக் கடந்தவர்கள். பலர் போரினாற் புலம்பெயர்ந்து கனடாவிலும் ஐரோப்பாவிலும் அவுஸ்திரேலியாவிலும் வாழ்கின்றனர். கரையோர வீடுகளிலிருந்த நிழற்படங்களையும் கிண்ணங்களையும் 2004 டிசெம்பர் 26இற் கடல் கொண்டுபோயிற்று. கல்லடிக் கடற்கரையில் திருச்செந்தூர் முருகன் ஆலயத்தின் கோபுரம் அன்றைய அலையிற் சாய்ந்தது. கோபுரத்தையே சாய்த்த அலை அலுமாரித் தட்டிலிருந்த நிழற்படத்தை விட்டுவைக்குமா? போர் ஒரு பங்கை அழித்தது; கடல் ஒரு பங்கை அழித்தது. எஞ்சிய பங்கை நம் அலட்சியம் அழிக்கின்றது. முன்னைய இரண்டுக்கும் நாம் பொறுப்பாளிகள் அல்லோம். மூன்றாவதற்கு நாமே பொறுப்பு.

கலைப்பீடத்து மாணவர் சிலர் இதனை விளையாட்டுத் துறையினர் செய்யட்டும் என்பர். விளையாட்டுத் துறையினர் ஆடுவர். ஆடியதை ஆராய்ந்து எழுதும் பயிற்சி நம்மிடமே உள்ளது. வரலாற்றுத் துறை வாய்மொழி வரலாறு கற்பிக்கின்றது. சமூகவியல் துறை நேர்காணல் முறை கற்பிக்கின்றது. தமிழ்த்துறை நாட்டார் பாடலைத் திரட்டக் கற்பிக்கின்றது. இறுதியாண்டு ஆய்வேட்டுக்குப் பொருள் தேடி, முன்னோர் அரைத்த மாவையே திரும்பவும் அரைக்கின்றோம். பாலத்துக்கு அக்கரையில் எழுதப்படாத ஒரு வரலாறு சாய்வு நாற்காலியில் அமர்ந்து, எவரேனும் வந்து கேட்பார்களா என்று பார்த்திருக்கின்றது.

ஆதலின் நமது சங்கத்தின் முன் மூன்று கோரிக்கைகளை வைக்கின்றேன். ஒன்று: அடுத்த ஆண்டு மலரில் மட்டக்களப்பின் விளையாட்டு வரலாற்றுக்கெனக் கட்டுரைப் பகுதியொன்றை ஒதுக்குதல் வேண்டும்; கூடைப்பந்தாட்டம் மட்டுமன்றி, உதைபந்தாட்டம், கரப்பந்தாட்டம், பெண்களின் வலைப்பந்தாட்டம், வழக்கொழியும் கிளித்தட்டு, போர்த்தேங்காய் ஆகியனவும் அதில் இடம்பெறல் வேண்டும். இரண்டு: சங்க உறுப்பினர் இருவர் இருவராகச் சென்று, பழைய ஆட்டக்காரரையும், வேலிக்கு வெளியே நின்று பார்த்தவரையும் கண்டு, அவர்தம் வாய்மொழியைப் பதிவு செய்தல் வேண்டும், கைத்தொலைபேசி ஒன்று போதும் இதற்கு. மூன்று: அப்பதிவுகளை நூலகத்தில் வைத்து, தமிழர், முஸ்லிம், பறங்கியர் எனும் பேதமின்றி இம்மண்ணில் ஆடிய அனைவரின் பெயர்களையும் பேணுதல் வேண்டும்.

இவற்றுள் எதற்கும் பெரும்பணம் வேண்டியதில்லை. ஆண்டு விழாவின் பொன்னாடைச் செலவில் ஒரு பகுதி போதும்.

நான் என் பங்கைத் தொடங்கிவிட்டேன். சென்ற மாதம் என் தாய்மாமனை அமரச் செய்து, அவர் நினைவிலிருந்த ஐந்து பெயர்களையும், ஒவ்வொருவரும் நின்று ஆடிய இடத்தையும் ஒரு பயிற்சிக் கொப்பியில் எழுதினேன். எழுதி முடித்ததும் அக்கொப்பியை வாங்கி, கண்ணாடியைச் சரிசெய்து, ஒருமுறை வாசித்தார். ஒரு பெயரின் எழுத்தைத் திருத்தினார். பின்னர், தாம் மறந்திருந்த ஆறாவது பெயர் ஒன்றைத் தாமாகவே சொன்னார்.